ரத்தம் நெகட்டிவ், ஆனால் புண் இருக்கிறது

கேள்வி: பத்து நாளாக வலியில்லாத ஒரு புண். விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். டாக்டர் சிபிலிஸ்தானா என்று பார்க்க, புண்ணிலிருந்து துடைத்தெடுத்து பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார். எதற்கு?

பதில் 1: பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடிஆர்எல் தேடுவது கிருமியை அல்ல, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. புண் வந்த பிறகும் அது தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். பிசிஆர் கிருமியின் டிஎன்ஏவையே தேடுகிறது. கிருமி செத்திருந்தாலும் அகப்படும். நான் தொழில் பழகிய இருள்புல நுண்ணோக்கியில் (இருட்டுப் பின்னணியில் கிருமியை ஒளிரக் காட்டுவது) கிருமி உயிரோடு நெளிந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். (கழுத்துவலிதான் மிச்சம்.)

கேட்டவர்: அப்போ ரத்தத்திலேயே பிசிஆர்?

பதில் 1: ரத்தத்தில் கிருமி குறைவு, தவறிவிடும். களிம்பு தடவாமல், புண் ஆறுவதற்குள் போங்கள்.

பதில் 2: பிசிஆர் நெகட்டிவ் வந்தாலும் சில வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பாருங்கள். புண் தானாக ஆறும், கிருமி உள்ளேயே இருக்கும்.