நார் வடிகால் இறக்கிய தளங்களில் எது கெடுகிறது, ஏன் கெடுகிறது: அனுபவப் பகிர்வு

மென்களிமண்:
மென்களிமண்ணில் தேங்கிய நீரை விரைவாக வெளியேற்றி மண்ணை இறுக வைக்கச் செங்குத்தாக இறக்கும் பட்டைதான் வடிகால். பிளாஸ்டிக் பட்டை வடிகாலுக்குப் பதிலாகச் சணலும் தென்னை நாரும் சேர்ந்த வடிகாலை மென்களிமண்ணில் இறக்குவது பற்றி விளம்பரக் குறிப்புகள் ஏராளம். தளத்தில் நடப்பதை எழுதுகிறவர்கள் குறைவு. இந்த இழையில் அதை மட்டும் பேசுவோம்.

எந்த வடிகாலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.எல். லீ குழுவினர் 1980-களில் உருவாக்கிய வடிவம் அது. நடுவில் நான்கு தென்னை நார்க் கயிறுகள், சுற்றி இரண்டு அடுக்குச் சணல் கித்தான், நீளவாக்கில் மூன்று தையல். அகலம் 80 முதல் 100 மி.மீ., தடிமன் 8 முதல் 10 மி.மீ. மட்கும் வடிகால் புதிய யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்வீடனில் வால்டர் ஷெல்மான் கொண்டுவந்த முதல் பட்டை வடிகாலே அட்டையில் செய்ததுதான், 100 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். இன்றைய பட்டைகளும் அதே 100 மி.மீ. அகலத்தில்தான் வருகின்றன.

வடிகால் மட்குவதைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. களிமண் இறுகி முடியும் வரை அது வேலை செய்தால் போதும். சிக்கல் அந்த 'முடியும் வரை'யைக் கணக்கிடுவதில் இருக்கிறது. கிடைமட்ட இறுகல் குணகம் (நீர் பக்கவாட்டில் வடியும்போது களிமண் இறுகும் வேகத்தின் அளவு) ஆண்டுக்கு 2 மீ², முக்கோண அமைப்பில் 1.2 மீ. இடைவெளி, வடிகாலின் சமான விட்டம் (தட்டைப் பட்டையை வட்டமாகக் கொண்டால் வரும் விட்டம்) 55 மி.மீ. என்று வைத்து, வடிகால் கணக்குக்கான ஹான்ஸ்போ சமன்பாட்டில் போட்டால் 90 சதவீத இறுகலுக்கு ஆறரை மாதம் வரும். அறிக்கையில் இந்த எண்தான் இருக்கும். மாண்ட்ரல், அதாவது வடிகாலை உள்ளே வைத்து மண்ணுக்குள் செலுத்தும் இரும்புக் குழல், கலக்கிவிட்ட மண்ணை அது கணக்கில் எடுக்கவில்லை. வடிகாலைச் சுற்றி 200 மி.மீ. விட்டத்துக்குள் நீர்ப்புகவு (மண்ணின் ஊடே நீர் செல்லும் வேகம்) பாதியானால் அதே 90 சதவீதம் பத்து மாதத்துக்குப் போய்விடும். இடைவெளியை 1.0 மீட்டராகக் குறைத்தால் கலங்கிய மண்ணையும் சேர்த்து மறுபடி ஆறரை மாதத்துக்கு வரலாம். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு சுமார் 8,000 வடிகால் போதும் என்றிருந்தது 11,500 ஆகும்.

நார் வடிகாலில் இந்தக் கலங்கல் கூடுதலாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் பட்டை 3 முதல் 5 மி.மீ. தடிமன்தான். இது அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. மாண்ட்ரலின் உள்வெளியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும், பெரிய மாண்ட்ரல் மண்ணைக் கூடுதலாகக் கலக்கும். பிளாஸ்டிக்குக்குப் போட்ட கணக்கில் பெயரை மட்டும் மாற்றி நார் வடிகாலுக்குப் பயன்படுத்தினால் கால அட்டவணை முதல் நாளே பொய்.

ரிக் மேஸ்திரி:
கணக்கை அவர் சொல்லிட்டார். நான் ரிக் பக்கம், அதாவது வடிகால் இறக்குற இயந்திரத்தின் பக்கம், சொல்றேன்.

சுருள் வந்து இறங்கின உடனே கவனிக்க வேண்டியது சேமிப்பு. சணல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். தரையில போட்டுத் தார்ப்பாயை இறுக்கி மூடி வச்சா உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், வடிகால் மண்ணுக்குள்ள போகும் முன்னாடியே மட்க ஆரம்பிச்சிடும். பலகை மேல அடுக்கி, கூரை போட்டு, பக்கவாட்டில் காற்று போகிற மாதிரி வைக்கணும். வந்த வரிசையிலேயே எடுத்துப் பயன்படுத்தணும். ரெண்டு மாசத்துக்கு மேல கிடந்த சுருள்ல ஒரு துண்டு வெட்டி இழுவிசை பார்க்காம இறக்காதீங்க. விரலால் இழுத்தாலே இழை விடுதுன்னா ஆய்வகமே தேவையில்லை.

அடுத்தது இணைப்பு. பிளாஸ்டிக் பட்டையில உறையைப் பிரிச்சு மையத்தைச் செருகி ஸ்டேப்ளர் அடிச்சா முடிஞ்சது. நார் வடிகால்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சா 16 முதல் 20 மி.மீ. தடிமன் வரும், மேல் உருளையில் சிக்கும், சிக்கினா கித்தான் கிழியும். 300 மி.மீ. மேற்பொருத்தம் விட்டு, அந்த நீளத்துல ரெண்டு முனையிலும் நார்க் கயிறுகளை மாத்தி மாத்தி வெட்டி, தடிமனைக் குறைச்சு, சணல் நூலால் கையால் தைக்கணும். ஒரு வடிகாலுக்கு ஒரு இணைப்புக்கு மேல கூடாது. அந்த இணைப்பும் தரைமட்டத்துக்குக் கீழ முதல் 2 மீட்டருக்குள்ள வரக்கூடாது. காரணத்தைக் கீழே யாராவது எழுதுவாங்க.

வடிகால் மாண்ட்ரலோட மேலே திரும்பி வர்றதுதான் தினசரித் தலைவலி. காரணம் ரெண்டு. வடிகால் முனையைக் கீழேயே பிடிச்சு நிறுத்துற ஆங்கர் தகடு சின்னதா இருந்தா மென்களிமண் அதைப் பிடிக்காது. தகடு மாண்ட்ரல் வாயில் சரியா உட்காரலைன்னா சேறு உள்ளே ஏறி வடிகாலைக் கவ்விக்கும். மாண்ட்ரல் வாயைவிட நாலு பக்கமும் 15 முதல் 20 மி.மீ. பெரிய தகடு போடுங்க. அதைவிடப் பெருசா வேண்டாம், போகிற வழியெல்லாம் மண்ணைக் கலக்கும். வடிகால்ல பெயிண்ட் அடையாளம் வச்சு, மாண்ட்ரல் மேலே வரும்போது அடையாளம் ஏறுதான்னு பாருங்க. 150 மி.மீ.க்கு மேல ஏறினா விட்டுட்டு 200 மி.மீ. தள்ளி மறுபடி இறக்கணும்.

மேல் முனையை மணல் மெத்தைக்கு (வடிகால் நீர் வெளியே போகத் தரை மேல பரப்பின மணல் அடுக்கு) மேல 200 மி.மீ. விட்டு வெட்டுங்க. வெட்டின அன்னைக்கே மணலால் மூடுங்க. வெயில்லயும் மழையிலயும் நிற்கிற வால்தான் முதல்ல கெடும்.

ஆய்வகத்தான்:
மேஸ்திரி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வேகமாக மட்க ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். நிரந்தரமாக நீரில் மூழ்கிய ஆழ்களிமண்ணில் காற்று இல்லை, அங்கே பொதுவாக மெதுவாகத்தான் மட்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் மேல் ஒன்றிரண்டு மீட்டரில்தான் வேகம். ஆனால் கீழிருந்து வரும் மொத்த நீரும் அந்த இடத்தைக் கடந்துதான் வெளியேற வேண்டும். முதலில் கெடுவதும் மொத்த ஓட்டத்தையும் சுமப்பதும் ஒரே பகுதி. இணைப்பை அங்கே வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பாகங்களும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. சணலில் லிக்னின் (எளிதில் மட்காத மரப்பொருள்) சுமார் 12 சதவீதம்தான், தென்னை நாரில் 40 சதவீதத்துக்கு மேல். வெப்பமான ஈர மண்ணில் சணல் உறை மாதக்கணக்கில் பலமிழக்கும், நார் ஆண்டுக்கணக்கில் நிற்கும். எனவே வடிகாலின் ஆயுளைத் தீர்மானிப்பது உறை. உறை ஓட்டையானதும் களிமண் கயிறுகளுக்கு இடையே புகுந்து அடைத்துவிடும். நார் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்படுவதில் பொருளில்லை.

நீரோட்டத் திறன், அதாவது வடிகால் வழியே ஓடக்கூடிய நீரின் அளவு, எவ்வளவு குறைந்தால் ஆபத்து? 10 மீ. நீள வடிகால், கீழ் முனை அடைபட்டது, களிமண்ணின் கிடைமட்ட நீர்ப்புகவு நொடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று கொள்வோம். மென்களிமண் சொன்ன 1.2 மீ. கணக்கில் இறுகும் காலத்தைத் தீர்மானிக்கும், இடைவெளியும் கலங்கலும் சேர்ந்த காரணி 3.7 அளவில் இருக்கும். ஓட்டத்திறன் ஆண்டுக்கு 100 மீ³ என்றால் வடிகாலின் சொந்தத் தடை அதோடு 0.07 சேர்க்கும், கணக்கிலேயே வராது. 10 மீ³ ஆனால் 0.66, காலம் 18 சதவீதம் நீளும். 1 மீ³ ஆனால் 6.6, காலம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதாவது பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் தாங்கலாம், நூறில் ஒன்றானால் வேலை நின்றதற்குச் சமம். இந்தத் தடை நீளத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 20 மீ. வடிகாலில் எல்லா எண்களும் நான்கு மடங்கு. ஆழம் அதிகமான தளத்தில் நார் வடிகாலுக்குத் தயங்குகிறேன் என்றால் காரணம் இதுதான்.

தயாரிப்பாளர் தரும் ஓட்டத்திறன் எண்ணைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பக்க அழுத்தத்தில் சோதித்தார்கள்? கெட்டித் தட்டுகளுக்கு நடுவிலா, களிமண்ணுக்கு நடுவிலா? நேராக வைத்தா, மடித்தா? மண்ணின் அழுத்தத்தில் ஈரக் கித்தான் கயிறுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இறங்கிவிடும். கெட்டித் தட்டுச் சோதனையில் அது தெரியவே தெரியாது.

சல்பேட் மிகுந்த, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருங்களிமண்ணில் மேலே சொன்ன 'ஆழத்தில் மெதுவாக' என்ற விதியை நம்ப வேண்டாம். சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா காற்றில்லாமலே வேலை செய்யும். ஆஸ்திரேலியாவின் வுலங்கொங் பல்கலைக்கழகத்தில் புத்திம இந்திரரத்னா குழு, ஓட்டத்திறன் காலத்தோடு தேய்வதை ஆரவழி இறுகல் (நீர் பக்கவாட்டில் வடிகாலை நோக்கி ஓடி மண் இறுகுவது) சமன்பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. வடிவமைப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். தள அளவில் எளிய வழி ஒன்று உண்டு. தளத்தின் களிமண்ணையும் தள நீரையும் மூடிய வாளிகளில் நிரப்பி, 400 மி.மீ. வடிகால் துண்டுகளைப் புதைத்து, நிழலில் வையுங்கள். மாதம் ஒரு வாளியைத் திறந்து இழுவிசை பாருங்கள். வடிகால் இறக்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைத் தொடங்கினால்தான் பயன்.

புதியவன்:
ஐயா, ஒரு சந்தேகம். வடிகால் முழுவதும் மட்கிப்போனால் அந்த இடம் வெற்றாகி, தரை மறுபடி இறங்காதா?

ஆய்வகத்தான்:
100க்கு 8 மி.மீ. வடிகால் ஒன்றின் குறுக்குப் பரப்பு 0.0008 மீ². 1.2 மீ. முக்கோண அமைப்பில் ஒரு வடிகாலுக்குரிய நிலம் 1.25 மீ². பங்கு 0.06 சதவீதம். அதுவும் பக்க அழுத்தத்தில் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். அமிழ்வுக் கணக்கில் இது தெரியாது. பின்னாளில் அதே நிலத்தில் சுரங்கம் குடைவதோ தூர்வாருவதோ நடந்தால், பிளாஸ்டிக் பட்டை வெட்டும் தலையில் சுற்றிக்கொள்ளும் தொல்லை இதில் இல்லை.

மென்களிமண்:
அட்டவணையைப் பற்றி இன்னும் ஒன்று. ஆறரை மாதம் என்றேன் அல்லவா? அது மொத்தச் சுமையும் ஒரே நாளில் ஏறினால்தான். வடிகட்டாத வெட்டு வலிமை (நீர் வெளியேறும் முன் களிமண் சறுக்காமல் தாங்கும் வலிமை) 12 கிலோபாஸ்கல் உள்ள களிமண் 1.3 பாதுகாப்புக் காரணியோடு சுமார் 2.5 மீ. மண்மேட்டைத்தான் தாங்கும். அதன் கீழ் 80 சதவீதம் இறுகினால் வலிமை 20 அளவுக்கு ஏறும், அப்போதுதான் 4 மீட்டருக்குப் போகலாம். 1.0 மீ. இடைவெளியில் அந்த 80 சதவீதத்துக்கு நாலரை மாதம், அடுத்த கட்டத்துக்கு ஆறரை மாதம். வடிகால் இறக்கும் நாட்களும் மண் கொட்டும் நாட்களும் சேர்ந்தால் முதல் வடிகால் 13, 14 மாதம் உழைக்க வேண்டியிருக்கும்.

மட்கும் கணக்கு வடிகால் மண்ணில் இறங்கிய அன்றே ஓடத் தொடங்கும். மண் கொட்டும் தேதிக்காக அது காத்திருக்காது. தளம் முழுவதும் இறக்கி முடித்துவிட்டு, நிரப்பு மண்ணுக்காகவோ மழை ஓயவோ மூன்று மாதம் உட்கார்ந்திருப்பது நார் வடிகாலில் பெரும் வீண். தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நிரப்பு மண் கையிருப்பில் இருக்கும் பகுதியில் மட்டும் இறக்குங்கள்.

பீசோமீட்டர்:
உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியை நான் சேர்க்கிறேன். தரை இறங்குவதை அளக்கும் அமிழ்வுத் தகடு மட்டும் வைத்தால் போதாது. அமிழ்வு வேகம் குறைவது இரண்டு காரணத்தால் நடக்கும்: களிமண் இறுகி முடிந்துவிட்டது, அல்லது வடிகால் செத்துவிட்டது. இரண்டிலும் வரைபடம் ஒரே மாதிரி தட்டையாகும். மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளை நீரழுத்தமும் சேர்ந்து இறங்கினால் முதல் காரணம். அமிழ்வு நின்றும் அழுத்தம் அப்படியே நின்றால் இரண்டாவது. அந்த அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரை மூன்று வடிகால்களின் நடுமையத்தில் வைக்க வேண்டும். வடிகாலை ஒட்டி வைத்தால் பொய்யான நல்ல செய்தி சொல்லும். குறைந்தது இரண்டு ஆழம், ஒன்று களிமண்ணின் நடுவில், ஒன்று அடிப்பகுதிக்கு அருகில். அடியில் அழுத்தம் தேங்கி, மேலே இறங்கினால் வடிகாலின் நடுவே எங்கோ ஓட்டம் நின்றிருக்கிறது. இரண்டு ஆழத்திலும் ஒன்றாகத் தேங்கினால் மேல் முனையையும் மணல் மெத்தையையும் முதலில் தோண்டிப் பாருங்கள். பல நேரம் வடிகால் சரியாகவே இருக்கும், மெத்தை மணலில் நுண்துகள் 5 சதவீதத்தைத் தாண்டி அதுதான் அடைத்திருக்கும்.

ஒவ்வொரு அமிழ்வு அளவையும் அதற்கு முந்தைய அளவுக்கு எதிராகக் குறிக்கும் அசவோகா வரைபடமும் உதவும். 14 நாள் இடைவெளியில் அளவெடுத்தால் மென்களிமண் சொன்ன 1.2 மீ. அமைப்புக்குக் கலங்கலையும் சேர்த்துக் கோட்டின் சரிவு 0.90 அளவில் வர வேண்டும். ஒரே சுமையின் கீழ் புள்ளிகள் அந்தக் கோட்டை விட்டு விலகி 0.95 நோக்கிப் போனால் இறுகல் வேகம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். பார்க்கச் சின்ன வித்தியாசம், அதனால்தான் தவறவிடுகிறார்கள். சுமை மாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிய கோடு போடுங்கள். இரண்டு கட்டப் புள்ளிகளையும் ஒரே கோட்டில் இணைத்தால் எதுவும் புரியாது.

புதியவன்:
அப்படித் தேய்ந்தது உறுதியானால் அடுத்து என்ன செய்வது?

ரிக் மேஸ்திரி:
முதல்ல பீசோமீட்டர் நண்பர் சொன்னபடி மெத்தையைப் பாருங்க, அது மலிவு. மெத்தை சரின்னா, இருக்கிற வடிகால்களுக்கு நடுவுல புதுசா இறக்கலாம். நிரப்பு மண் இறுகிக் கிடக்கும், மாண்ட்ரல் நேரா போகாது. ஆகர் (துளை போடுற திருகு) வச்சு நிரப்பு மண்ணை மட்டும் துளைச்சு, மணல் மெத்தை வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து இறக்கணும். துளையை மெத்தை மட்டத்துல மணலால்தான் நிரப்பணும், தோண்டின மண்ணைத் திருப்பிப் போட்டா புது வடிகாலுக்கு வெளிவழி இருக்காது.

மென்களிமண்:
ரிக்கை மேட்டின் மேல் ஏற்றும் முன் நிலைப்புத்தன்மையைக் கணக்குப் பாருங்கள். அழுத்தம் தேங்கியிருக்கிறது என்றால் நாம் எதிர்பார்த்த வலிமை இன்னும் வரவில்லை. அதே காரணத்தால், அமிழ்வை விரட்ட மேலும் ஒரு மீட்டர் மண் கொட்டும் யோசனையை அந்த நேரத்தில் ஏற்காதீர்கள். மேட்டின் அடி ஓரத்தில் இன்கிளினோமீட்டர் இருந்தால், பக்கவாட்டு நகர்வு அடங்கிய பிறகே ரிக்கை ஏற்றுங்கள்.