கல்லறைக் கல்லில் எந்தச் சின்னம் இருக்கலாம் என்று அரசு சொல்லலாமா?

தெற்குவாசல்

அமெரிக்காவில் நடந்த பழைய வழக்கு ஒன்று. நெவாடா தேசியக் காவல் படையின் சார்ஜென்ட் பேட்ரிக் ஸ்டூவர்ட் 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் இறந்தார். அவர் போன சினூக் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அவருடைய சமயம் விக்கா. இயற்கையை வழிபடுகிற, இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம். தலைமை மடம், போப் மாதிரி எதுவும் கிடையாது. வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம், அதுதான் அவர்கள் சின்னம்.

இறந்த வீரர்களுக்கு அமெரிக்கப் படைவீரர் நலத்துறை இலவசமாகக் கல் தருகிறது. அதில் பொறிக்கலாம் என்று அப்போது 38 சின்னங்களின் பட்டியல் வைத்திருந்தது. விதவிதமான சிலுவை, யூதர்களுடைய தாவீதின் நட்சத்திரம், பிறை, பௌத்தச் சக்கரம், நாத்திகருக்கு ஓர் அணுச் சின்னம்கூட உண்டு. விக்காவுக்கு இல்லை. அவர் மனைவி கேட்டார், துறை இழுத்தடித்தது. நெவாடா மாநிலம் காத்திருக்காமல் 2006 டிசம்பரில் தானே சின்னத்தோடு ஒரு பலகையை வைத்தது. வழக்கு நடந்து, 2007 ஏப்ரலில் துறை இறங்கி வந்தது. 39ஆவதாக அந்த நட்சத்திரம் சேர்ந்தது.

என் கேள்வி இதுதான்: பட்டியல் எதற்கு? நாட்டுக்காகச் செத்தவனிடம் போய் ‘உன் சாமி எங்கள் லிஸ்டில் இல்லை’ என்று சொல்ல அரசு யார்?

பழையபட்டாளம்

22 வருஷம் சர்வீஸ் போட்டவன் சொல்கிறேன். கல் அரசுடையது, நிலம் அரசுடையது. அங்கே எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. கர்னலும் சிப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பார்கள். அந்த மரியாதை வரிசையில் இருக்கிறது. கேட்டதையெல்லாம் பொறிப்பது என்றால் நாளைக்கு ஒருவர் ரசிகர் மன்றக் கொடியோடு வந்து நிற்பார். அப்போது என்ன செய்வீர்கள்?

தெற்குவாசல்

ஐயா, அதற்கு அவர்கள் விதியிலேயே பதில் இருக்கிறது. இறந்தவர் மனதார நம்பியதாக இருக்க வேண்டும். அது சமயமாகவோ, சமயத்தின் இடத்தை நிரப்புகிற ஒன்றாகவோ இருக்க வேண்டும். சங்கம், தொழில், வியாபாரம், அரசியல் சின்னம் எதுவும் கூடாது. ரசிகர் மன்றம் அங்கேயே விழுந்துவிடும். 2013இல் தோர் என்கிற நார்டிக் தெய்வத்தின் சுத்தியலும் சேர்ந்தது. வரிசை கலைந்துவிடவில்லையே?

மெய்யப்பன்பேட்டை

ஓம் இருக்கிறதா? வேல்?

தெற்குவாசல்

ஓம் இருக்கிறது. வேல் வேண்டுமென்றால் விண்ணப்பம் போடலாம். ஆனால் முதலில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, அப்புறம் இறந்தும் இருக்க வேண்டும்.

கருப்புச்சட்டை

இரண்டு பேரும் சுற்றி வளைக்கிறீர்கள். அரசுக் கல்லில் எந்தச் சமயச் சின்னமும் வேண்டாம். பெயர், படைப்பிரிவு, தேதி. முடிந்தது. 38, 39, 40 என்று கூட்டிக்கொண்டே போவது சமத்துவம் ஆகாது. சின்னத்துக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் கையில் இருக்கிறவரை அரசு பூசாரி வேலைதான் பார்க்கும். புஷ் டெக்சஸ் ஆளுநராக இருந்தபோது, 1999இல், விக்காவைப் பற்றிக் கேட்டதற்கு, சூனியம் ஒரு சமயம் என்று தான் நினைக்கவில்லை என்று டிவியில் சொன்னவர். ஸ்டூவர்ட் இறந்தபோது அவர்தான் அதிபர். கோப்பு ஏன் நகரவில்லை என்று துறை அதிகாரியைக் கேட்டுப் பாருங்கள்.

பழையபட்டாளம்

நாத்திகருக்கு அணுச் சின்னம் கேட்டு வாங்கினது யாராம்? ‘எதுவும் வேண்டாம்’ என்று சும்மா இருக்க வேண்டியதுதானே?

கருப்புச்சட்டை

அதில் எனக்கும் வெட்கம்தான். விடுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்

நடுகல்லை யாராவது இழுப்பீர்கள் என்று பார்த்தேன், இழுக்கவில்லை. சந்தோஷம்.

‘எதுவும் வேண்டாம்’ என்கிற பக்கத்துக்குக் கிட்டே போனது பிரிட்டன். முதல் உலகப் போர் முடிந்ததும் அவர்களுடைய போர்க் கல்லறை ஆணையம், சிலுவை வடிவக் கல் கிடையாது, எல்லாருக்கும் ஒரே பலகைக் கல், விரும்பினால் சின்னத்தை அதற்குள் பொறிக்கலாம் என்றது. தாய்மார்கள் கொதித்துவிட்டார்கள். ‘என் பிள்ளைக்குச் சிலுவை வைக்க எனக்கு உரிமை இல்லையா?’ 8,000 பேர் கையெழுத்தோடு மனு போனது. 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம், ஆணையம் ஜெயித்தது. அந்த ஆணையத்தில் இருந்த எழுத்தாளர் கிப்ளிங்கின் மகனே 1915இல் லூஸ் போரில் காணாமல் போனவன். அப்போது கிப்ளிங்குக்குப் போய் நிற்க ஒரு கல்கூட இல்லை.

சின்னத்துக்குக் கீழே குடும்பம் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அதிகபட்சம் 66 எழுத்து, எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். காசு உள்ளவன் எழுதுவான், இல்லாதவன் என்ன செய்வான் என்று நியூசிலாந்து யாருக்குமே வரி வேண்டாம் என்றுவிட்டது. கருப்புச்சட்டையார் அங்கே பிறந்திருக்கலாம்.

பட்டாளத்தாருக்கு ஒன்று. ‘ஒரே வரிசை’ எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அதே ஆணையம் 2021இல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது: ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கவில்லை அல்லது நினைவுச்சின்னமே இல்லை. மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாமாம். கல்லே இல்லாதவனுக்குச் சின்னம் பற்றி என்ன சண்டை?

பழையபட்டாளம்

அந்த எண் எனக்குத் தெரியாது. வெட்கக்கேடு. ஆனாலும் என் வாதம் அப்படியே நிற்கிறது. வரிசை தப்பில்லை, வரிசையில் சேர்க்காததுதான் தப்பு.

நந்தம்பாக்கத்துக்காரி

எங்கள் பக்கம்தான் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். 1952இல் அமைத்தது, 850க்கு மேல் கல்லறைகள். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த கல்லறைகளிலிருந்து எடுத்து வந்து வைத்தவர்கள். ஒரு மழை நாள் காலையில் போனேன். பெயருக்குக் கீழே சிலுவை, அடுத்ததிலும் சிலுவை. ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், மழமழவென்று வெறும் கல். வேண்டாம் என்று குடும்பம் சொன்னதா, கடிதத்துக்குப் பதிலே போடவில்லையா? இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், கருப்புச்சட்டை அண்ணே.

நீங்கள் யாருமே இறந்தவரைக் கேட்கவில்லை என்பதுதான் என் சிக்கல். என் அப்பா முப்பது வருஷமாகக் கோயில் பக்கம் போகாதவர். சாமியார் வீட்டுக்கு வந்தால் டீ கொடுத்து வாதாடி அனுப்புவார். போன வருஷம் இறந்தார். பங்குக் கல்லறையில் இடம் வேண்டுமென்றால் சிலுவை வைக்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். ‘நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊரே வரும், சிலுவை இல்லாவிட்டால் அனாதைக் கல் மாதிரி இருக்கும்’ என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருப்புச்சட்டை

அது அப்பட்டமான திணிப்பு, அக்கா. சித்தப்பாவிடம் சண்டை போட்டிருக்க வேண்டும்.

பழையபட்டாளம்

அவர் சொன்னதிலும் ஒன்று இருக்கிறதம்மா. கல் படுத்திருக்கிறவருக்கு மட்டும் இல்லை, வந்து நிற்கிறவர்களுக்கும்தான்.

தெற்குவாசல்

அப்படியானால் பிரான்சில் நார்மண்டியைப் பாருங்கள். அங்கே அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,380க்கு மேல் கல். வடிவம் இரண்டே: சிலுவை, தாவீதின் நட்சத்திரம். அமெரிக்காவின் வெளிநாட்டுப் போர்க் கல்லறைகளில் யூத வீரர்கள் சிலர் சிலுவைக்குக் கீழே புதைபட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டால் என்ன ஆகும் என்று பயந்து சமயத்தை மறைத்தவர்கள் உண்டு. எழுத்தர் கவனக்குறைவும் உண்டு. முக்கால் நூற்றாண்டு கழித்து, உறவினரைத் தேடிப்பிடித்து, ஆவணம் காட்டி, இப்போது ஒவ்வொன்றாகக் கல்லை மாற்றி வைக்கிறார்கள். வந்து நிற்கிறவர்களுக்குச் சிலுவை போதும் என்றிருந்தால் யார் மெனக்கெடுவார்கள்?

பழையபட்டாளம்

ஆவணம் காட்டி மாற்றுகிறார்கள் என்கிறீர்கள் அல்லவா, அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆளைச் சேர்க்கும்போதே படிவத்தில் எழுதி வாங்கிவிடு. கல்லில் என்ன வேண்டும், எதுவும் வேண்டாமா, அவன் கையெழுத்து. அதற்கப்புறம் அரசும் பேசக்கூடாது, சித்தப்பாவும் பேசக்கூடாது.

கருப்புச்சட்டை

இருபது வயதில் எழுதினதை நாற்பதில் மாற்றிக்கொண்டால்?

பழையபட்டாளம்

மாற்றி எழுதட்டும். லீவு கேட்கவே எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறோம்!

அம்மா, அப்பா கல்லில் இப்போது என்னதான் இருக்கிறது?

நந்தம்பாக்கத்துக்காரி

சிலுவை அப்படியே இருக்கிறது. அம்மா அதைத் தொட விடவில்லை. ஆனால் அடியில் ஒரு வரி வெட்டச் சொன்னாள்: ‘கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர்’. கல்தச்சர் எண்ணிப் பார்த்து 16 எழுத்து என்றார். அதில் ஆறு புள்ளி எழுத்து, அதற்குப் பாதி விலை போதும் என்றார். போன வாரம் வெட்டி முடித்தாயிற்று. சித்தப்பா இன்னும் பார்க்கவில்லை. நவம்பர் 2 வருகிறது.