டிபிபிஎல் (இரட்டைக்குழல்) துப்பாக்கியில் கருப்பு போய் வெள்ளை தெரிகிறது: நிறைய சுட்டதா, கவனிக்காமல் விட்டதா?

தோட்டக்காவல்

அப்பா பெயரில் இருந்த பன்னிரண்டு போர் (குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல், லைசென்ஸ் மாறி என் கைக்கு வந்திருக்கிறது. பர்மிங்காம் தயாரிப்பு, பாக்ஸ்லாக் (சுடும் பொறி இரும்புப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகை), ரெண்டு டிரிகர், சுட்ட கூட்டைத் தானே வெளியே தள்ளும் எஜெக்டர் கிடையாது. குழலின் அடித்தட்டையில் கிரீடம், பி.என்.பி. என்ற பரிசோதனை முத்திரை, 12, .729, 2½ அங்குலம் என்று இருக்கிறது.

குழல் நுனியில் நாலு விரல் அளவுக்கும், ஆக்‌ஷனின் அடிவயிற்றிலும் (குழல் மாட்டும் இரும்புப் பெட்டிதான் ஆக்‌ஷன்), டிரிகர் கார்டிலும் கருப்பு போய் வெள்ளையாகப் பளபளக்கிறது. முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே செந்துரு. குழல்களுக்குள் கரும்புள்ளிகள். அடியில் உள்ள திருகுகளின் தலைப்பள்ளம் சிதைந்திருக்கிறது. பின்கட்டை இரும்போடு சேரும் இடம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதிகிறது.

கடைக்காரர் "ரொம்ப சுட்டுத் தேய்ந்த துப்பாக்கி, பாலிஷ் போட்டுப் புளூயிங் பண்ணிக்கலாம்" என்கிறார். அண்ணனோ, பீரோவில் கிடந்தே கெட்டுப்போனது என்கிறார். யார் சொல்வது சரி? சுடலாமா? புளூயிங் தேவையா?

நாலாம் நம்பர்

நீங்கள் சொன்ன ஐந்தும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

வெள்ளையாகத் தெரிவது தூக்கிச் சுமந்த தேய்மானம். இரட்டைக்குழலைக் கையில் தொங்கவிட்டு நடக்கும்போது எடை சமமாக நிற்கும் இடம் ஆக்‌ஷனின் அடிவயிறு. உள்ளங்கை வியர்வை தினமும் படும் இடமும் அதுதான். நுனியில் போனது உறைக்குள் சொருகி உருவியதால். புளூயிங் என்பது பெயின்ட் மாதிரி தடிப்பான பூச்சு இல்லை. இரும்பின் மேல்தோலே கருப்பு ஆக்சைடாக மாறிய மிக மெல்லிய படலம். துணி உரசியே போய்விடும். ஒரு தோட்டாகூட வெடிக்காமல், ராத்திரிக் காவலுக்குச் சுமந்தே இந்தக் கோலத்துக்கு வந்த துப்பாக்கிகள் ஏராளம்.

ஓரத்தைப் பாருங்கள். கருப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மெல்ல மங்கி, தொட்டால் வழவழப்பாக இருந்தால் அது கைபட்ட தேய்மானம். ஓரம் கிழிந்த மாதிரி ஒழுங்கில்லாமல், தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் துரு தின்றது. கைபட்ட தேய்மானம் மேடான இடங்களில் வரும். துரு மூடிக்கிடக்கும் இடங்களில் வரும்: முன்கட்டைக்கு அடியில், ரெண்டு குழலுக்கும் இடையில் ஓடும் நடுப்பட்டையின் ஓரத்தில், மரமும் இரும்பும் சேரும் கோட்டில். முன்கட்டைக்குள் செந்துரு என்றால் அது கவனிப்புக் குறைவு, சந்தேகமில்லை.

திருகுத் தலை சிதைவதற்கும் சுடுவதற்கும் சம்பந்தமே கிடையாது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பள்ளத்தின் அடிவரை உட்காராமல் மேல் ஓரத்தைப் பிய்க்கும். பள்ளத்தின் அகலத்துக்கே, பக்கம் இணையாக உரசிய முனைதான் வேண்டும்.

செம்மண்

எமரி பேப்பர் 400 போட்டுத் தேய்த்து, முழுசையும் சூடான புளூயிங் தொட்டியில் முக்கி எடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?

பழைய பட்டறை

செம்மண் தம்பி, இரட்டைக்குழலுக்கு அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். ரெண்டு குழலையும் நடுப்பட்டையையும் பிடித்து வைத்திருப்பது ஈயப்பற்று. சூடான தொட்டியில் இருப்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும், சுமார் 140 டிகிரியில். அந்தச் சூட்டில் பற்று உருகாது, ஆனால் காஸ்டிக் அதை அரித்துவிடும். பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராமல் உள்ளிருந்தே துரு பிடிக்கவைக்கும். சில மாதத்தில் பட்டை கழன்று கையோடு வரும். இந்தக் குழல்களுக்கு மெதுவான பழைய முறைதான் சரி: மருந்து தடவி லேசாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் வேகவைத்துக் கருப்பாக்கி, மென்கம்பியால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. ஆறேழு தடவையாவது செய்ய வேண்டும்.

எமரி போட்டால் முத்திரைகளும் நம்பரும் மழுங்கும். அடையாள நம்பர் அழிந்த துப்பாக்கி ஆயுதச் சட்டப்படி பெரிய வம்பு. விளிம்புகள் உருண்டு, திருகுக் குழிகளைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பள்ளம் விழுந்து, அதன் மேல் கண்ணைப் பறிக்கும் கருப்பு இருந்தால் யாரோ பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளையாய்த் தேய்ந்த துப்பாக்கியை விட அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது கேட்டவருக்கு. சுட்ட தேய்மானம் வெளியே தெரியாது, குழலும் ஆக்‌ஷனும் சேரும் மூட்டில்தான் தெரியும். முதலில் திறந்து ரெண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு:

துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவர், மூடிய நிலையில் எங்கே நிற்கிறது? புதுசில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வந்து, அப்புறம் இடப்பக்கம் தாண்டும்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டு (கழற்றாமல் பார்த்தால் அதன் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும்) கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குழலைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஆட்டுங்கள். 'டிக்' என்ற சின்ன சத்தம்கூட வரக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய காகிதத் துண்டை நடுவில் வைத்து மூடி இழுங்கள். தாராளமாக உருவி வந்தால் மூட்டு தளர்ந்துவிட்டது.

ஆக்‌ஷன் முகத்தில் ஊசி வெளிவரும் ரெண்டு துளைகள் இருக்கும். சுற்றிலும் பொரிந்த மாதிரி பள்ளம் இருக்கிறதா? தோட்டாவின் அடியில் ஊசி அடித்து வெடிக்கும் கேப் கசிந்த வாயு அரித்த இடம் அது, நிறைய சுட்டதற்கு அடையாளம். பெரும்பாலும் முன் டிரிகர் வலக்குழலைத்தான் சுடும், பலரும் அதையே முதலில் இழுப்பார்கள். அதனால் வலத்துளை மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் சுட்டது. ரெண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கிடந்ததாலும் இருக்கலாம்.

கடைசியாகக் குழலைத் தனியாகக் கழற்றி, அடிக்கொக்கியில் (குழலுக்கு அடியில், ஆக்‌ஷனில் மாட்டும் கொக்கி) ஒரு விரலால் தொங்கவிட்டு, விரல்மூட்டால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் பற்று நன்றாக இருக்கிறது. செத்த சத்தம் வந்தால் எங்கோ பட்டை விட்டிருக்கிறது.

தோட்டக்காவல்

ரொம்ப நன்றி ஐயா. செய்து பார்த்தேன். லீவர் வலப்பக்கம்தான் நிற்கிறது. ஆட்டம் இல்லை, காகிதம் கிழிந்தது. ஊசித்துளை ரெண்டும் சுத்தமாக, ஒரே மாதிரி. தட்டினால் நன்றாக ஒலிக்கிறது. குழலுக்குள் புள்ளிகள் ரெண்டிலும் ஒரே பக்கமாக, அடிப்பக்கம் மட்டும், நடுவிலிருந்து நுனிவரை.

நாலாம் நம்பர்

அப்படியானால் அண்ணன் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம்: நிறைய சுமந்தது, கொஞ்சமே சுட்டது, வருஷக்கணக்கில் படுக்கவைத்தது. உறைக்குள் ஈரம் தங்கி அடிப்பக்கத்தைத் தின்றிருக்கிறது. பழைய கேப்களின் உப்பால் வரும் துரு பெரும்பாலும் தோட்டா அறையை ஒட்டிச் சுற்றிலும் இருக்கும், இப்படி ஒரு பக்கமாக வராது.

ஆனால் லீவரை மட்டும் நம்பிவிடாதீர்கள். மலிவாகச் சரிசெய்பவர்கள் அடிக்கொக்கியைச் சுத்தியலால் அடித்து அகட்டி, தளர்ந்த மூட்டை இறுக்கமாகக் காட்டுவார்கள். கொக்கியின் வளைவை ஒட்டிப் புள்ளிப் புள்ளியாக அடித்த தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சில பெட்டித் தோட்டாவிலேயே பழையபடி ஆடும்.

பழைய பட்டறை

புள்ளி என்பது அழுக்கா குழியா என்று முதலில் தெரிய வேண்டும். பன்னிரண்டு போர் பாஸ்பர் வெண்கலப் பிரஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து, பின்பக்கமிருந்து முன்பக்கமாகப் பதினைந்து தடவை தள்ளுங்கள். துணியால் துடைத்து மறுபடி பாருங்கள். ஈயமும் பிளாஸ்டிக் கறையும் கரைந்து போகும், குழி அப்படியே நிற்கும். குழல் வழியாக வீட்டுச் சுவரைப் பார்க்கும்போது உள்ளே வளையம் மாதிரி நிழல் விழுந்தால் அது நசுங்கலோ வீக்கமோ; அதோடு சுடவே கூடாது.

குழி இருந்தால் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் (அசல் லைசென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள்) ரெண்டு அளவு கேளுங்கள். ஒன்று, பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் உள்விட்டம். உங்கள் குழல் .729 அங்குலம் என்று முத்திரை பெற்றது; .740ஐத் தொட்டால் அந்தப் பரிசோதனை முத்திரைக்கு மதிப்பில்லை. இரண்டு, குழல் சுவரின் குறைந்தபட்சத் தடிமன். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 20 பங்கு (20 தௌ), அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே எங்கேயும் இருக்கக் கூடாது. குழியைத் தேய்த்துப் போக்கலாம் என்று அவர் சொன்னால், தேய்த்த பிறகு இந்த ரெண்டு எண்ணும் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, இதுதான் உயிர் போகும் விஷயம். 2½ அங்குலம் என்றால் 65 மி.மீ. அறை. 70 மி.மீ. தோட்டா, மடித்த வாயோடு சிறுத்திருப்பதால் அதில் சுலபமாக உள்ளே போகும். உள்ளே போவதாலேயே பொருத்தம் என்று ஆகிவிடாது. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பெட்டியில் நீளத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

கடலோரம்

கட்டை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கறுத்து மெத்தென்று ஆனது சுட்டதால் அல்ல, எண்ணெய் அதிகமானதால். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கி மரத்தின் தலைப்பகுதியில் ஊறும். மெத்தென்ற மரம் உதையைத் தாங்காது. ஆக்‌ஷன் வால் முடியும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இரும்பைப் பிரித்தெடுத்த பிறகு, சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பொடி மஞ்சளாகாமல் வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். வார்னிஷ் மேலும் படாமல்.

வெளித்துருவுக்கு 0000 நம்பர் எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: நாள்பட்டால் சிக்குப்பிடித்து அமிலமாகும், 24 டிகிரிக்குக் கீழே உறைந்து ஊசியையே நிறுத்திவிடும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், துணியில் ரெண்டு சொட்டு. வைக்கும்போது குழல் வாய் கீழே பார்க்கட்டும், அடியில் ஒரு துணி. தோல் உறையிலோ துணி உறையிலோ நிரந்தரமாக வைக்காதீர்கள். பீரோவில் கால் கிலோ நீல சிலிக்கா ஜெல் போட்டு, இளஞ்சிவப்பானதும் அடுப்பில் 120 டிகிரியில் ரெண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கும் முன் குழலுக்கு உள்ளும் புறமும் மெல்லிய கிரீஸ் தடவிக் கொடுங்கள். எந்தக் கீறல் எங்கே இருந்தது என்று அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கிய அன்றைக்கே, முன்கட்டைக்கு அடியையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.

தோட்டக்காவல்

கொக்கியில் அடித்த தடம் இல்லை. பிரஷ் போட்ட பிறகு பாதிப் புள்ளி போய்விட்டது, மீதி குழிதான். புளூயிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த ரெண்டு அளவும் கையில் வரும்வரை தோட்டா போடப் போவதில்லை.