ஹிஸ்பானிக் ஹெரிடேஜ் மாதத்தைப் பெங்களூர் ஆபீசில் எப்படி நடத்துவது?

பெல்லந்தூர் பறவை கேட்டது:

அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் ஒரு அமெரிக்க கம்பெனியின் கிளை. தலைமையகம் டல்லாஸ். கூட வேலை செய்பவர்கள் டல்லாஸிலும் மெக்சிகோவின் குவாடலஜாராவிலும் இருக்கிறார்கள், இரண்டு பேர் கொலம்பியாவின் போகோட்டாவில். இந்த வருடம் ஹிஸ்பானிக் ஹெரிடேஜ் மாத (அமெரிக்காவில் ஸ்பானிஷ் மொழிவழி வந்தவர்களைச் சிறப்பிக்கும் மாதம்) நிகழ்ச்சியை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அங்குள்ள மூன்று பேர் தங்கள் வேலைப் பயணத்தைப் பற்றி ஆன்லைனில் பேச வேண்டும், இங்கே 60 பேருக்கு மதியச் சாப்பாடு. பாதிப் பேர் சைவம். கமிட்டியில் முதலில் வந்த யோசனை: அகலமான வைக்கோல் தொப்பி, ஒட்டுமீசை, போட்டோ பூத். அது சரியாகப் படவில்லை. தேதி, நேரம், கேட்க வேண்டிய கேள்விகள், சாப்பாடு, பெயர் உச்சரிப்பு எல்லாவற்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரமங்களா குமரன்:

தொப்பி, மீசையை இன்றைக்கே நிறுத்துங்கள். நமக்காக ஒரு விழா எடுத்து, எல்லாரும் பட்டையடித்துக் குடுமி வைத்து வந்தால் எப்படி இருக்கும்? அதேதான் இதுவும்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இது அமெரிக்காவின் மாதம். 1968-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988-ல் ரீகன் காலத்தில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை நீண்டது. மாத நடுவில் தொடங்கக் காரணம், 1821 செப்டம்பர் 15 குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஐந்துக்கும் சுதந்திர தினம். மெக்சிகோவுக்கு 16, சிலிக்கு 18. அதனால் "ஹேப்பி ஹிஸ்பானிக் ஹெரிடேஜ்" என்று டல்லாஸ்காரருக்கு அனுப்பலாம். மெக்சிகோவில் பிறந்து மெக்சிகோவிலேயே வேலை செய்பவருக்கு அது தன் விழாவே இல்லை, அவருக்கு 16-ம் தேதிதான் வாழ்த்த வேண்டும். அன்று அங்கே அரசு விடுமுறை, முந்தின இரவு 11 மணி தாண்டியும் ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும். 16-ல் மீட்டிங் போட்டால் யாரும் வரமாட்டார்கள். சின்கோ தே மாயோவை இதில் கலக்காதீர்கள்: அது மே 5, 1862-ல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள், சுதந்திர தினம் அல்ல.

ஹிஸ்பானிக், லத்தீனோ இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஸ்பானிஷ் மொழிவழி, இரண்டாவது லத்தீன் அமெரிக்க நிலவழி. பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் போர்ச்சுகீஸ் பேசுவதால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயின்காரர் நேரெதிர். போஸ்டரில் எதைப் போடுவது என்று பேசப்போகும் அந்த மூவரிடமே கேட்டுவிடுங்கள்.

நேரம்: நம் மாலை 7.30 என்றால் டல்லாஸிலும் போகோட்டாவிலும் காலை 9, குவாடலஜாராவில் காலை 8. மெக்சிகோ 2022-ல் கோடைநேர மாற்றத்தைக் கைவிட்டது, எல்லைப்புற ஊர்கள் சிலதான் விதிவிலக்கு. பழைய நேர அட்டவணை இருக்கும் சிஸ்டத்தில் இன்வைட் அனுப்பினால் அங்கே ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும். மெயிலில் மூன்று ஊர் நேரத்தையும் கையால் எழுதிவிடுங்கள். மதியச் சாப்பாட்டோடு பேச்சைச் சேர்க்க முடியாது, நம் மதியம் 1 மணி டல்லாஸில் விடியற்காலை 2.30. சாப்பாட்டை மாலை டிபனாக 6.30-க்குத் தள்ளி, 7.30-க்குப் பேச்சு, 8.30-க்கு வீட்டுக்குப் போக கேப். ஆறு மணிக்குக் கிளம்பி வீட்டிலிருந்து சேர்ந்துகொள்கிறேன் என்பவர் அந்நேரம் சில்க் போர்டு நெரிசலில் நின்றுகொண்டிருப்பார்.

செப்டம்பர் 30 காலாண்டு முடிவு, கடைசி வாரத்தில் டல்லாஸில் யாரும் கிடைக்க மாட்டார்கள். அக்டோபர் 2 இங்கே விடுமுறை, ஆயுத பூஜை எங்கே விழுகிறது என்று அந்த வருடக் காலண்டரைப் பாருங்கள். செப்டம்பர் 22-ஐ ஒட்டிய வாரம் பாதுகாப்பானது.

எச்.ஆர். எழில்:

பேச்சுப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான்.

ஆள் தேடும் வேலையை மேனேஜரிடம் கொடுக்காதீர்கள். ரேட்டிங் போடுகிறவர் கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்வது கஷ்டம். நான்கு வாரம் முன்னால் பொது அறிவிப்பு போட்டு, விருப்பமுள்ளவர் தானாக வரட்டும். பெயரைப் பார்த்து 'இவர் ஹிஸ்பானிக்' என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது. மூன்று பேர் கிடைக்காவிட்டால் இரண்டு போதும். மூவரும் இயக்குநர் பதவியில் இருப்பவர்களாக வேண்டாம், இங்கே கேட்கிறவர்களில் பாதி பேர் நான்கைந்து வருட அனுபவக்காரர்கள், அவர்களுக்கு அடுத்த படி தெரிய வேண்டும்.

60 நிமிடத்துக்கு இன்வைட், 50 நிமிடத்துக்குத் திட்டம். வரவேற்பு 2, ஆளுக்கு 8 வீதம் 24, கேள்வி 20, மிச்சம் 4 பேச்சாளர் மாறும் இடைவெளிக்கு. நேரம் மீறுவது எப்போதும் முன்னுரையில்தான்: தலைவர் "இரண்டு வார்த்தை" என்று தொடங்கிப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். அவர் வாழ்த்தை வீடியோவாக வாங்கி 90 வினாடியில் வெட்டிவிடுங்கள்.

கேள்விகளை இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். "உங்கள் வேலைப் பயணத்தைச் சொல்லுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் ரெஸ்யூமேயை ஒப்பிப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: முதல் வேலையில் ஒரு நாளில் என்னென்ன செய்தீர்கள்? துறை மாறியபோது எந்தத் திறமை கூட வந்தது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது? உள்ளேயே விண்ணப்பித்துக் கிடைக்காமல் போன பதவி எது, அதற்குப் பின் என்ன மாற்றினீர்கள்? அறையில் நீங்கள் இல்லாதபோது உங்கள் பெயரைப் பரிந்துரைத்தவர் யார்? கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும்.

கேட்கக் கூடாதவை: விசா, கிரீன் கார்டு, குடும்பம் எப்படி வந்தது. "நிஜமாகவே எந்த ஊர்?" என்பது. டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவில் இருந்த நிலம், சிலரது குடும்பம் எங்கும் போகவே இல்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. 1956-ல் கன்னியாகுமரிக்காரர்கள் வீட்டிலிருந்தபடியே மாநிலம் மாறியதை நினைத்துக்கொள்ளுங்கள். "ஸ்பானிஷில் ஏதாவது பேசிக் காட்டுங்கள்" என்பதும் வேண்டாம். மூன்றாம் தலைமுறையில் பலருக்கு ஸ்பானிஷ் வராது. அல்சூரில் பிறந்து வளர்ந்து தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளிடம் திருக்குறள் சொல்லச் சொல்வது போல ஆகிவிடும்.

தானியங்கி சப்டைட்டில் பெரும்பாலும் ஒரே மொழியைத்தான் கேட்கும். பேசுபவர் நடுவில் ஸ்பானிஷுக்குப் போனால் திரையில் அபத்தமான ஆங்கிலம் ஓடும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் பட்டியலை மாடரேட்டர் சாட்டில் முன்கூட்டியே ஒட்டிவைக்கட்டும். ரெக்கார்டிங்குக்குத் தனி அனுமதி, லிங்க்டின் துண்டு வீடியோவுக்கு இன்னொரு தனி அனுமதி. பேச ஒப்புக்கொண்டவர் விளம்பரத்துக்கும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஞகரம்:

உச்சரிப்புக்கு வர்றேன். முதல்ல உங்க கேள்வியிலேயே ஒரு திருத்தம்: குவாடலஜாரா இல்ல, குவாதலஹாரா. ஜே எழுத்துக்கு அங்க 'ஹ' ஒலி. ஹொசே, ஹிமேனெஸ், ஹுவான். எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது, எர்நாந்தெஸ்னுதான் சொல்லணும். எல் ரெண்டு சேர்ந்து வந்தா பெரும்பாலும் 'ய', கியெர்மோ மாதிரி.

தமிழ்க்காரங்களுக்கு இதுல அனுகூலம் இருக்கு. 'என்' (N) எழுத்து மேல அலைக்கோடு போட்டா அது நம்ம 'ஞ' தான், அப்படியே. உயிரெழுத்துகளுக்கு நடுவுல வர்ற டி (D) எழுத்து நம்ம 'அது'ல வர்ற 'த' மாதிரி மென்மையா வரும். ஒத்தை ஆர் நம்ம 'ர', ரெட்டை ஆர் நாகர்கோவில் பக்கம் அழுத்திச் சொல்ற 'ற' மாதிரி நாக்கு அதிரணும். 'பெரோ'ன்னா 'ஆனால்', 'பெறோ'ன்னு அதிர்ந்தா 'நாய்'. நாயைக் கூப்பிடாம இருந்தா சரி.

அந்த அலைக்கோட்டை விட்டுடாதீங்க. 'ஆஞோ'ன்னா வருஷம். கோடு இல்லாம எழுதினா ஆசனவாய். "20 வருட சேவைக்கு வாழ்த்துகள்"னு ஸ்பானிஷ்ல பேனர் போட்டுக் கோட்டை விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. விண்டோஸ்ல ஆல்ட்டை அழுத்திக்கிட்டு 164, பெரிய எழுத்துக்கு 165. எண் பலகை இல்லாத லேப்டாப்ல மேல் வரிசை எண்கள் வேலை செய்யாது, அவங்க மெயில் கையெழுத்துல இருந்து காப்பி பண்ணிக்கலாம். ஃபிளெக்ஸ் கடைக்கு எழுத்துரு உள்ளடங்கின பிடிஎஃப் மட்டும் கொடுங்க. எடிட் பண்ற கோப்பு கொடுத்தா அந்த எழுத்துரு கடைக்காரர்கிட்ட இல்லாம அந்த இடத்துல கட்டம் விழும்.

குடும்பப் பெயர் ரெண்டு இருக்கும்: வழக்கமா முதல்ல அப்பா வழி, அப்புறம் அம்மா வழி. சுருக்கிச் சொன்னா முதலாவதைத்தான் சொல்லணும். எழுத்தாளர் கார்சியா மார்கெஸை வெறும் 'மார்கெஸ்'னு சொல்றது தப்பு. நம்ம எச்.ஆர். சாஃப்ட்வேர் கடைசி வார்த்தையை எடுத்துக்கிட்டு அம்மா வழிப் பெயரைச் சான்றிதழ்ல அடிச்சுடும். இனிஷியலை விரிச்சு அப்பா பேர்ல நமக்கே மெயில் வருதே, அதே கோளாறுதான். இன்னொண்ணு: மரியா ஹொசே பெண், ஹொசே மரியா ஆண். சான்றிதழ் அச்சுக்குப் போறதுக்கு முன்னால அவங்க கைப்பட எழுதின பேரை வாங்கிடுங்க.

சாப்பாட்டு ராமன்:

60 பேருக்கு, ஆளுக்கு மூன்று சின்ன டாக்கோ. 12 செ.மீ. மக்காச்சோள டார்டியா (மெல்லிய மெக்சிகோ ரொட்டி) 200 வாங்குங்கள், 20 கிழியும். வடக்கத்தி மக்கி மாவில் செய்ய வேண்டாம், மடித்தால் உடையும். டார்டியா மாவுக்குச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கிறார்கள்: ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுத்தர நீற்றுச் சுண்ணாம்பு, முக்கால் மணி கொதி, ராத்திரி முழுக்க ஊறல், தோல் போகக் கழுவி அரைத்தல். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும். கிரைண்டரில் தண்ணீர் கூடினால் தோசை மாவாகிவிடும், ஆகவே முதல் தடவைக்கு ரெடிமேடே நல்லது. ஈரத்துணியில் சுற்றி ஹாட்பாக்கில் வையுங்கள். முன்கூட்டியே நிரப்பி வைத்தால் இருபது நிமிடத்தில் ஊறிப் பிய்ந்துவிடும், அவரவர் நிரப்பிக்கொள்ளட்டும். உள்ளே வைக்க உலர்ந்த ராஜ்மா 3 கிலோ, எட்டு மணி ஊறல்.

சைவம் என்றால் கேட்டரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்ததா, சிவப்புச் சாதம் சிக்கன் சூப்பில் வெந்ததா, சீஸில் ரென்னெட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலைத் திரிக்கச் சேர்ப்பது) இருக்கிறதா, கேக்கில் முட்டை இருக்கிறதா. 'வெஜ்தான் சார்' என்ற ஒற்றை வாக்கை நம்ப வேண்டாம். அசைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை.

குவாகமோலிக்கு நம்மூர் பட்டர் ஃப்ரூட் 6 கிலோ. கெட்டியாக இருக்கும்போது மூன்று நாள் முன்பே வாங்கி வாழைப்பழத்தோடு அரிசி டப்பாவில் வைத்தால் ஒன்றாகப் பழுக்கும். நம் பழத்தில் நீர் அதிகம், மிக்சி போட்டால் கூழாகிவிடும், கரண்டியால் மசியுங்கள். இரண்டு பழத்துக்கு ஒரு எலுமிச்சை. பிளாஸ்டிக் தாளை மசியல்மேல் ஒட்ட மூடினால் கறுக்காது. குடிக்கப் புளித்தண்ணீர், அது மெக்சிகோவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் 'ஆகுவா தே தாமரிந்தோ': 12 லிட்டருக்குப் புளி 750 கிராம், சர்க்கரை ஒரு கிலோ, வடிகட்டி ஐஸ். சுக்கு, ஏலக்காய் போட்டுவிடாதீர்கள், பானகமாகிவிடும்.

போகோட்டா ஆட்களுக்கு டாக்கோ ஊர்ச் சாப்பாடு இல்லை, அரேப்பா என்ற தடித்த மக்காச்சோள ரொட்டிதான். அதன் மாவு வெந்து காய்ந்த வேறு மாவு, டார்டியா மாவை அதற்குப் போட முடியாது.

பெல்லந்தூர் பறவை:

எல்லாருக்கும் நன்றி, மீசையை ரத்து செய்தாயிற்று. கேன்டீன் சுவரில் நான்கு போஸ்டர் ஒட்ட இடம் இருக்கிறது. எதைப் போடலாம்?

கோரமங்களா குமரன்:

ஹொசே எர்நாந்தெஸ்: புலம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பம், நாசா 11 தடவை நிராகரித்தது, 2004-ல் தேர்வானார், 2009-ல் விண்வெளி. எலன் ஒச்சோவா: மின்பொறியியல் முனைவர், 1993-ல் விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானிக் பெண், பிறகு ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநர். மரியோ மொலினா: மெக்சிகோவில் பிறந்தவர், ஓசோன் ஆய்வுக்கு 1995 வேதியியல் நோபல். வேலைப் பயணம் என்ற தலைப்புக்கு மூவரும் பொருந்துவார்கள்.

நான்காவது நமக்கு: 1966-ல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வாங்கியது. அப்போது உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், ஆய்வுப் பக்கம் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். லெர்மா ரோஹோ 64 என்ற ரகப் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கேன்டீனில் சப்பாத்தி கவுன்டருக்கு மேலே ஒட்டினால் இன்னும் நன்று.

ஞகரம்:

'ரோஹோ'ன்னா சிவப்பு. அங்கயும் ஜே தான், அச்சுக்காரர் 'ரோஜோ'ன்னு மாத்தாம பாத்துக்கோங்க.