வறண்ட கரையில் வெண்கண்டல் கணக்கெடுப்பு: எது ஒரு மரம், மாதிரிப் பிளாட் எவ்வளவு?

நெய்தல்நிலம் கேட்டது:
மழையே இல்லாத செங்கடல் மாதிரியான கரையில் வெண்கண்டலை (அவிசென்னியா மரினா என்ற அலையாத்தி மரம்) பத்து வருடம் கண்காணிக்க வேண்டும். காடு என்று சொல்ல முடியாது. 20 முதல் 40 மீட்டர் அகலத்தில் ஒரு பச்சை விளிம்பு, அதற்குப் பின்னால் வெறும் உப்புத்தரை. மரங்கள் இடுப்புயரம் முதல் 3 மீட்டர் வரை. அடியிலேயே ஐந்தாறாகப் பிரிந்துவிடுகின்றன. 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்கும் வழக்கம் இங்கே உதவவில்லை. எதை ஒரு மரமாக எண்ணுவது? வயதை எப்படிக் கணிப்பது?

மூச்சுவேர்:
எண்ணும் விதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். ஒரே அடியில் சேரும் தண்டுகள் எல்லாம் ஒரு மரம். மணல் மூடியிருந்தால் கையால் விலக்கிப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு மரம் நாலாகப் பதிவாகும்.

தண்டுகளை 30 செ.மீ உயரத்தில் காலிப்பரால் அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 3, 4, 5 செ.மீ தண்டுகள் என்றால் 9+16+25=50; மரத்தின் விட்டம் 7.1 செ.மீ. அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடுவது கட்டாயம். மண் ஏறும், இறங்கும். அடுத்த முறை தரையிலிருந்து மறுபடி 30 செ.மீ பிடித்தால் வளராத மரமும் வளர்ந்ததாகக் காட்டும். உயரத்தோடு, கிளைவிரிப்பின் நீளமான அகலத்தையும் அதற்குக் குறுக்கான அகலத்தையும் குறியுங்கள். மழைக்காட்டு மரங்களுக்கான உயிர்நிறைச் சமன்பாடுகளை (அளவிலிருந்து மரத்தின் எடையைக் கணிப்பவை) குட்டை மரங்களுக்குப் போடாதீர்கள்.

வளையம் எண்ணி வயது சொல்வதை மறந்துவிடுங்கள். இந்த இனத்தில் வளர்படலம் (தண்டைத் தடிக்க வைக்கும் திசு) அடுத்தடுத்துப் பல அடுக்காக உருவாகிறது. வளையத்துக்கும் வருடத்துக்கும் சம்பந்தமில்லை. விட்டம், உயரம் வைத்துப் பிரிக்கும் அளவு வகுப்புகள்தான் கைகொடுக்கும்.

உவர்மண்:
பிளாட்டைக் குலுக்கல் முறையில் கண்டபடி போட்டால் பாதி உப்புத்தரையில் விழும். கடல் விளிம்பு, நடு, நில விளிம்பு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குலுக்குங்கள். 2 மீட்டருக்கு மேற்பட்ட மரங்களுக்கு 10×10 மீட்டர், குட்டைகளுக்கு 5×5, நாற்றுக்கு மூலைகளில் 1×1 போதும். மரங்கள் கொத்துக்கொத்தாக நிற்பதால், நான்கு திசையில் அருகிலுள்ள மரத்தைப் பார்த்து அடர்த்தி கணிக்கும் முறை தவறான எண்ணைத் தரும். கையடக்க ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். 5 மீட்டர் பிளாட்டில் அது பக்கத்து பிளாட். எதிரெதிர் மூலைகளில் பிவிசி குழாய் அடித்துவிடுங்கள்.

தாய்மரத்தடியில் நூறு நாற்று நின்றால் மகிழாதீர்கள். வித்திலை ஒட்டியிருப்பதைத் தனியாக எண்ணுங்கள், அதில் பெரும்பாலானது தங்காது. ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் எண்ண வேண்டும். ஒட்டகம் மேயும் இடம் என்றால் உயரத்தோடு அடித்தடிமனையும் எடுங்கள்: முழங்கால் உயரத்தில் கட்டைவிரல் தடிமன் இருந்தால் அது நாற்றல்ல, வருடக்கணக்காக மேயப்பட்ட கன்று.

ஓதம்:
மேற்பரப்பு உப்பை அளந்து பயனில்லை. துளையிட்ட குழாயை 30 செ.மீ ஆழத்தில் இறக்கி, முதலில் ஊறும் நீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, அடுத்து ஊறுவதை எடுங்கள். சாதாரண ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) ஆயிரத்துக்கு 100 வரைதான் காட்டும். தாண்டினால் காய்ச்சி வடித்த நீரைச் சமமாகக் கலந்து, வரும் எண்ணை இரட்டியுங்கள்.

செயற்கைக்கோள் படத்தை நம்பிப் பரப்பளவு சொல்வதில் கவனம். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சல் உங்கள் விளிம்பைவிடவே பெரிதாக இருக்கலாம். சென்டினல்-2 இன் 10 மீட்டர் பரவாயில்லை. வற்றத்தில் மட்டும் பச்சையாகத் தெரிவது பாசியாகவோ கடற்புல்லாகவோ இருக்கலாம். ஏற்றத்திலும் பச்சை என்றால் மரம் அல்லது உமரிச் செடி, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள். 2015 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் 1,000 கி.மீ கரை நெடுக அலையாத்தி கருகியபோது, எல் நினோவால் இறங்கிய கடல்மட்டமும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நெய்தல்நிலம்:
நன்றி. மரபணு ஆய்வுக்கும் இலை எடுக்கலாமா?

மூச்சுவேர்:
எடுங்கள். ஒரு தொகுதிக்கு 30 மரம், குறைந்தது 20 மீட்டர் இடைவெளி. நெருங்கினால் உடன்பிறப்புகளே சிக்கும். இலைமேல் படிந்த உப்பைத் துடைத்து, பத்து மடங்கு எடை சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். ஜெல்லின் நீல நிறம் வெளுத்தால் அன்றே மாற்ற வேண்டும், மெதுவாகக் காய்ந்த இலை பழுப்பாகி டிஎன்ஏ சிதைந்துவிடும்.