விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாலிபால் அம்மா:
போன வருடம் எட்டாம் வகுப்புச் சேர்க்கைக்கு மகளைக் கூட்டிப்போனேன். பிறப்புச் சான்று, போனஃபைடு, ஆதார் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மனசில் நிற்பது உயரம் அளந்த இடம். அவள் பாட்டி யார் பேச்சையோ கேட்டு, உச்சியில் கொண்டை போட்டு அனுப்பியிருந்தார். அளந்த சார், "கொண்டைக்கு மார்க் கிடையாது பாப்பா, அவிழ்த்துட்டு வா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற மூன்று பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் தங்கள் கொண்டையை அவிழ்த்தார்கள். பட்டியலில் இவள் பெயர் வரவில்லை. உயரத்தில் போனதா, ஆட்டத்தில் போனதா? அதுதான் இன்னும் ஆறவில்லை.

லெப்ட் விங்கர்:
உயரம்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். ஹாக்கியில் இந்தத் தொல்லை இல்லை. 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை பைனலுக்கு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் இருந்தேன். பாதி ஆட்டத்தில் மலேசியா 3, நாம் 1. பக்கத்து சீட்காரர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகும்போது அடுத்தடுத்து இரண்டு கோல்! சாவி எங்கே பறந்தது என்று 4-3 என ஜெயித்த பிறகு சீட்டுக்கு அடியில் தேடினோம். அந்த அணியில் இருந்த கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் எஸ்.டி.ஏ.டி. (இந்த விடுதிகளை நடத்தும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) மையத்தில் வளர்ந்தவர். விடுதி வேண்டாம் என்பவர்களுக்கு வேறென்ன சொல்ல?

சான்றிதழ் கட்டு:
கோவில்பட்டியை வைத்து எல்லா ஊரையும் எடை போடாதீர்கள் தம்பி. அங்கே ஹாக்கி தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. இந்த அக்காவுடைய மகளின் ஆட்டத்தையே பார்க்காமல் உயரம்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

என் கதை சின்னது. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக என் தம்பி ஒரு ஃபைல் நிறைய சான்றிதழ் கொண்டுபோனான். சரிபார்த்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரு தனியார் அகாடமி காசு வாங்கிக்கொண்டு நடத்திய போட்டிகள். கடைசியில் இவன் கையில் மிஞ்சியது பிளாஸ்டிக் உறை.

அதனால் பெற்றோர்களே, பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் போட்டிக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பையின் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பிறப்புச் சான்றிலும் பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் அலைந்தே தேய்வீர்கள். முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு செய்யுங்கள். பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள், அரசு ஊழியர்கள் என்று எல்லாருக்கும் பிரிவு உண்டு. ஜெயித்தால் பரிசுப் பணமும் வரும். விடுதியில் சீட் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள்...

கடைசி பெஞ்ச்:
அண்ணே, அவங்க கேட்டது விடுதி. நீங்க பிள்ளையை வேலைக்கே அனுப்பிட்டீங்க. அக்கா, ஒன்பதாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு, விட்டுடாதீங்க. அதைத் தவறவிட்டால் அப்புறம் பதினொன்றுதான். வாலிபாலில் லிபரோ (பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பவர்) ஆடினால் உயரம் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல வந்தேன். ஆனால் என் அக்கா பெண் லிபரோதான், அவளையும் அளந்தார்கள்.