கணவர் தேய்த்துப் பளபளப்பாக்கிய தோசைக்கல்: மீட்க வழி உண்டா?

கும்பகோணத்து டீச்சர் கேட்டது:

எங்கள் வீட்டுத் தோசைக்கல் என்னைவிட வயதில் மூத்தது. என் மாமியார் கல்யாணமான புதிதில் பெரிய கடைத்தெருவில் வாங்கியது. வார்ப்பிரும்பு, மூன்று கிலோவுக்குக் குறையாது. ஓரத்தில் ஒரு சின்ன மூளி இருக்கும். என் கணவர் ஐந்து வயதில் கீழே போட்டு உடைத்தது என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நடுப்பகுதி அண்டங்காக்கைக் கருப்பில் வழவழவென்று இருக்கும். கால் ஸ்பூன் எண்ணெய் போதும், தோசை தானாக ஓரம் எழும்பி வரும்.

"இருக்கும்" என்று எழுதும்போதே வயிறு பகீரென்கிறது.

என் கணவர் மே மாதம் ஓய்வு பெற்றார். 33 ஆண்டுகள் கோப்பு பார்த்த மனிதர். எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு பணி இருக்கிறது. காலை 7.40 பஸ்ஸைப் பிடித்தால்தான் பள்ளி மணி அடிக்குமுன் போய்ச் சேர முடியும். "இனி வீட்டு வேலையில் பாதி என்னுடையது" என்றார், சொன்னபடி இறங்கியும் விட்டார். காய் நறுக்குகிறார், துணி உலர்த்துகிறார், பால் காய்ச்சுகிறார். குறை சொல்ல வாய் கூசுகிறது. ஊற வைத்த உளுந்தில் நுரை வந்திருக்கிறதே, அழுக்கு என்று நினைத்து ஏழு தண்ணீர் அலசிக் கொட்டினார். அன்று மாவு எழும்பவே இல்லை. சரி, போகட்டும் என்று விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மாலை நான் உள்ளே நுழைந்ததும், "கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிக்கு வா" என்றார். திறந்து பார்த்தால் மேடைமேல் தோசைக்கல். மொட்டையடித்த தலை மாதிரி வெளிறிப்போய், சாம்பல் நிறத்தில். முதல் நாள் இரவே வெந்நீரில் சோடா மாவு போட்டு ஊற வைத்தாராம். காலையில் கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் பவுடருமாக இரண்டு மணி நேரம். "60 வருஷ அழுக்கு. தண்ணீர் கருகருவென்று போனது தெரியுமா?" என்றார். அவர் பார்க்காதபோது வெள்ளைத் துண்டால் ஒற்றிப் பார்த்தேன். துண்டில் காவி நிறம். அதற்குள் துருவே ஏறிவிட்டது.

அவருடைய வலது கை ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பிளாஸ்திரி. கம்பி நார் கிழித்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாவை ஊற்றித் தேய்த்தால் கரண்டியோடு சுருண்டு வந்தது. மிச்சம் கல்லைப் பிடித்துக்கொண்டு கருகியது. "மாவு சரியில்லை போலிருக்கிறது" என்றார். மூன்று நாளாக உப்புமா ஓடுகிறது.

கல்லை மீட்க முடியுமா? இது முதல் கேள்வி. இரண்டாவது, இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா? கல்யாணமான இரண்டாம் ஆண்டில் ஒருமுறை ரசம் வைக்கிறேன் என்று புளிக்கரைசலைப் பச்சையாகவே பருப்போடு கலந்துவிட்டார். நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அன்று அடுப்படியை விட்டுப் போனவர் இந்த மே மாதம்தான் திரும்பி வந்திருக்கிறார். இன்னொருமுறை அப்படிப் போய்விடக் கூடாது.

கல்லைப் பழக்குவதுபோல் கணவரையும் பழக்க வேண்டும் என்று யாராவது எழுதப் போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.


காரைக்குடி அடுப்படி:

டீச்சர், அழாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடாதவரை சாகாது. மேலே இருந்த தோல்தான் போயிருக்கிறது.

அந்தக் கருப்பு அழுக்கே அல்ல. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இரும்பின்மேல் சூடேறச் சூடேற இறுகிக் கெட்டியாகி, வார்னிஷ் மாதிரி ஒரு படலமாகிவிடும். 60 ஆண்டுத் தோசை சேர்த்து வைத்த படலம் அது. ஊற வைத்ததும் சோடாவும் கம்பி நாரும் சேர்ந்து அதைத்தான் உரித்திருக்கின்றன. உரித்த இரும்பு ஈரம் பட்டால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

முதலில் துருவை எடுங்கள். கல்லுப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய கையோடு துடைத்து அடுப்பில் ஏற்றி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காய வையுங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் மறுபடி காவி பூத்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெயைப் பழைய பருத்தித் துணியில் தொட்டு முன்னும் பின்னும் தடவுங்கள். பிறகு வேறொரு துணியால் அதைத் துடைத்தே எடுத்துவிடுங்கள். எல்லாரும் தவறு செய்வது இங்கேதான். எண்ணெய் கூடினால் நன்றாகப் பிடிக்கும் என்று குளிப்பாட்டுவார்கள், அது பிசுபிசுவென்று பசையாகி மாவை இன்னும் இழுத்துப் பிடிக்கும். தடவியது கண்ணுக்கே தெரியக் கூடாது. அப்புறம் தீயைக் கூட்டிப் புகைய விடுங்கள். புகை அடங்கியதும் அணைத்து ஆற விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நான்கைந்து நாள். ஜன்னலைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம்.

புதுக் கல்லுக்கு வடிகஞ்சி ஊற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை, இன்னும் ஊறப் போட்டால் கல் பாவம்.

பழகியதும் நேரே தோசைக்குப் போய்விடாதீர்கள். நாலு நாள் அடை, பிறகு ஊத்தப்பம். இரண்டும் எண்ணெய் குடிக்கும், கல்லில் நின்று வேகும், படலம் ஏறும். ஒவ்வொரு முறையும் அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். சப்பாத்தியை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா, அவருக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்கு வரமாட்டார்.


ஈயச்சொம்பை உருக்கியவன்:

பெயரைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும். திருச்சிக்காரன், வயது 47.

மனைவிக்குக் காய்ச்சல். அவள் எழுந்திருப்பதற்குள் ரசம் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பாத்திரம் நன்றாகக் காயட்டும் என்று வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, மாடித் தொட்டியில் கொத்தமல்லி கிள்ளப் போனேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதனால்தான் அதை எப்போதும் உள்ளே ரசம் இருக்கும்போது மட்டும் அடுப்பில் வைக்கிறார்கள். நான் இறங்கி வந்தபோது சொம்பின் அடிப்பாகம் இல்லை. பர்னர்மேல் வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஒரு குட்டை, அது நடுவில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பாட்டி சீதனமாகக் கொடுத்த சொம்பு.

அவள் திட்டவில்லை. "பரவாயில்லை" என்றாள். ஒரு மாதம் கழித்து மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தியில் ரசம் ஊற்ற வந்தவர் முதற்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் எவ்வளவு அழுதாள் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் "பரவாயில்லை".

டீச்சர், நீங்கள் முன்பின் தெரியாத எங்களிடம் சொல்லிவிட்டீர்கள். அவரிடம்தான் சொல்லவில்லை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாவைக் குறை சொன்னவர் அடுத்து கிரைண்டரைக் கழற்றப் போகிறார்.


பேச்சியம்மாள் பேத்தி:

எல்லாரும் பிளாஸ்திரியைப் பார்த்து உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். உங்கள் வீட்டில் அந்த 97 நிமிடமும் கல்லை உரிப்பதில் போயிருக்கிறது. அதை மீட்க ஆகும் பத்து நாள் யார் கணக்கில்? உங்கள் 299இல்தானே?

33 ஆண்டு கோப்பு பார்த்தவர் என்கிறீர்கள். அலுவலகத்தில் 60 வருஷத்துக் கோப்பு ஒன்று கையில் கிடைத்திருந்தால், பழுப்பேறியிருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் வெள்ளையடித்திருப்பாரா? மேலதிகாரியைக் கேட்டிருப்பார். அடுப்படியில் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அங்கே தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம். பிறந்ததிலிருந்து அந்தக் கல்லில் தோசை தின்றவருக்கு அது ஏன் கருப்பாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கல்லைப் பழக்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். நீங்கள் செய்யாதீர்கள்.


கும்பகோணத்து டீச்சர்:

பேத்தி, கோப்பு விஷயம் சுருக்கென்று தைத்தது. மறுக்க முடியவில்லை. ஆனாலும் நீங்கள் அந்த விரல்களைப் பார்க்கவில்லை. திருச்சித் தம்பி, உங்கள் பந்தியைப் படித்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.


கும்பகோணத்து டீச்சர் (பதினான்கு நாள் கழித்து):

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு. கல்லைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, காரைக்குடியம்மா எழுதியதையே சொன்னேன். அழுக்கு இல்லை, அது எண்ணெய்ப் படலம் என்றேன். கொஞ்ச நேரம் மூளியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்படியானால் அன்று மாவு நன்றாகத்தான் இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். போச்சு, இன்னொரு முப்பது வருஷம் என்று நினைத்தேன்.

போனவர் மன்னார்குடியில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். கல்லை எப்படிப் பழக்குவது என்று கேட்கத்தான். அண்ணியார் விடுவாரா? "அம்மாவின் கல்லையாடா உரித்தாய்?" என்று ஆரம்பித்தது அரை மணி நேரம் ஓடியது, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் திட்ட வேண்டியதையும் சேர்த்து அவரே திட்டிவிட்டார்.

அன்று மாலையே கல் அவர் பொறுப்பில் போய்விட்டது. நான் கொடுக்கவில்லை பேத்தி, அவரே எடுத்துக்கொண்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். தேதி, எத்தனையாவது பூச்சு, புகை அடங்க எத்தனை நிமிடம், "நடுவில் கருப்பு, தெற்கு ஓரம் மந்தம்" என்று குறிப்பு. மூன்றாம் நாள் புகைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்துவிட்டார். ஐந்தாம் நாள் அடை, பாதி ஒட்டியது. பாதியைப் பிய்த்துத் தின்றோம். பன்னிரண்டாம் நாள் தோசை. ஓரம் தானாக எழும்பவில்லை, தோசைத்திருப்பியால் கொஞ்சம் நெம்ப வேண்டியிருந்தது. ஆனால் முழுசாக வந்தது. முதல் தோசையைக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, நோட்டில் "தேர்ச்சி" என்று எழுதினார்.

இப்போது அதை என்னைத் தொட விடுவதில்லை. நேற்று அவசரத்தில் ஈரக் கரண்டியைக் கல்மேல் வைத்துவிட்டேன் என்று, நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் எனக்குப் பாடம் நடத்தினார். 7.40 பஸ் போயே விட்டது.

இன்று காலை எழுந்து வந்தால் அடுப்படி முழுக்கப் புகை, வேறு மாதிரி நாற்றம். மகள் வாங்கிக் கொடுத்த நான்ஸ்டிக் தவாவுக்கு நல்லெண்ணெய் தடவிப் புகைய வைத்திருக்கிறார். நோட்டில் இரண்டாம் பக்கம் தொடங்கியாகிவிட்டது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.